நீலமாகத் தெரிந்த கடை

மார்ச் 4

மதிய இடைவேளையில் சாப்பிட்டுவிட்டு என் படத்தைத் திறந்திருந்தேன். மானேஜரம்மா எட்டிப் பார்த்து, "என்ன இது, குமிழி குமிழியா?" என்றார். சொன்னேன் – எங்கோ இருக்கும் ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கோள்கள். விஞ்ஞானிகள் பொதுவில் வைத்திருக்கும் எண்களை எக்செல்லில் இறக்கி நானே படமாக்கியது. நடுவில் நட்சத்திரம். கோள் எவ்வளவு பெரிதோ குமிழி அவ்வளவு பெரிது. நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சிவப்பு, தள்ளிப் போகப் போக நீலம்.

"வேற வேலைவெட்டி இல்லையா உங்களுக்கு?"

பக்கத்து மேஜைக்காரர் அதே கம்ப்யூட்டரில் தினமும் சீட்டாடுகிறார். அவரை ஒரு வார்த்தை கேட்டதுண்டா? மூக்குக்கண்ணாடிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் வானத்தைப் பற்றி யோசிக்கக் கூடாதா?

மார்ச் 5

வீட்டில் புலம்பினேன். "எங்கேயோ இருக்கற கிரகத்தோட கணக்கெல்லாம் தெரியுது, அடுப்புல கேஸ் தீர்ந்தது தெரியல" என்றாள் மனைவி. சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 11

அதே மானேஜரம்மா, குழைந்துகொண்டு: "அந்தக் குமிழிப் படத்துல நம்ம கடைங்களைப் போட்டுக் குடுங்களேன். ஹெட் ஆபீஸ் நடுவுல."

நிறத்தை விற்பனைக்குத் தகுந்தபடி மாற்றட்டுமா என்றேன். "வேணாம், இப்படியே கண்ணுக்கு லட்சணமா இருக்கு." நீலம் என்றால் தூரம், வேறெதுவும் இல்லை என்று அழுத்திச் சொன்னேன். தலையாட்டினார்.

மார்ச் 19

அடப்பாவிகளா!

மச்சினி போன் பண்ணினாள். ஊரின் ஒரு கோடியில் இருக்கிற எங்கள் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள் அவள். "மாமா, நீங்க வரைஞ்ச படத்துல எங்க கடை நீலமா இருக்குதாமே. வியாபாரம் ஜில்லிட்டுப் போச்சுன்னு மானேஜரம்மா முதலாளிகிட்ட சொல்லிட்டாங்க. மூடப் போறாங்களாம்."

விற்பனைக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் கடைகளையும்விட அதிகம் விற்பது அந்தக் கடை. இதைப் பார்க்க அந்தம்மாவுக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா?

"உங்க படத்தால என் தங்கச்சிக்கு வேலை போகுது" – மனைவி அவ்வளவுதான் சொன்னாள். அப்புறம் பேச்சே இல்லை.

நானா? நானா மூடச் சொன்னேன்?

மார்ச் 20

மானேஜரம்மா: "இப்பப் போய் தப்புன்னு சொன்னா என் மானம் என்னாகறது? நீங்க சும்மா இருங்க."

சும்மா இருப்பதாம்!

மார்ச் 23

முதலாளி அறைக்குள் கேட்காமலே நுழைந்தேன். முதலில் கோள்களின் படத்தைக் காட்டினேன், பிறகு கடைகளின் படத்தை.

"சார், கோளுக்குச் சூடு நட்சத்திரத்துலேருந்து வருது. தள்ளி இருந்தா குளிரும். கடைக்கு வியாபாரம் இந்த ஆபீஸ்லேருந்தா வருது? வாசப்படி ஏறி வர்றவங்ககிட்டேருந்துதானே வருது?"

அவர் கண்ணெதிரே நிறத்தை விற்பனைக்கு மாற்றினேன். கோடிக் கடை செக்கச்செவேலென்று ஆனது. மானேஜரம்மா நேரடியாகப் பார்த்துக்கொள்ளும், இதே கட்டடத்தின் கீழ்த்தளக் கடை – நீலம். எனக்கே தூக்கிவாரிப் போட்டது.

முதலாளி நிமிர்ந்தார். "அந்தக் கடையை மூடல. நீங்க போகலாம்."

ராத்திரி மனைவி, "சாப்பிட வாங்க" என்றாள்.

ஏப்ரல் 2

எனக்கு மாற்றல். கோடிக் கடைக்கு.

"அந்தக் கடை மேல அவ்வளவு பாசம்னா அங்கேயே போய் உக்காருங்க" என்றார் மானேஜரம்மா. உண்மையைச் சொன்னதற்குச் சம்மானம்! அவர் செய்ததைக்கூட விடலாம். உத்தரவில் கையெழுத்து முதலாளியுடையது. அதுதான் வயிறெரிகிறது.

ஏப்ரல் 8

போக ஒரு யுகம், வர ஒரு யுகம். பஸ்ஸில் உட்கார இடமில்லை. எவனோ காலை மிதித்தான். அவன் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 29

புதிதாக ஒரு நட்சத்திரத்தின் எண்களை இறக்கியிருக்கிறேன். இந்தத் தடவை நிறம் மச்சினியின் விருப்பம். வெளிக்கோளுக்கு மாம்பழ மஞ்சள் வேண்டுமாம். போட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஒரு தையல்காரம்மா வந்தார். முதல் கண்ணாடி. மச்சினி மாட்டிவிட்டதும் வாசலில் போய் நின்று எதிர்க்கடைப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். அப்புறம் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கடைசியில் என்னிடம் திரும்பி, "சார், சட்டை பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க" என்றார். மச்சினி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்தான்.

மானேஜரம்மாவை இன்று முழுக்க ஒரு தடவைகூடத் திட்டவில்லை என்பது வீட்டுக்கு வந்து இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.