வெளிச்சத்தை அணைத்து வைத்தவனுக்கு

மச்சான்,

இன்று காலை எங்கள் மேலாளர் தன் கார் சாவிக்கொத்தை என் மேசையில் வீசிவிட்டுக் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அந்தச் சத்தத்துக்கு நீ வந்துவிட்டாய். மற்றவர்களுக்குச் சாவி என்றால் வீடு, வண்டி ஞாபகம் வரும். எனக்கு உன் வலிப்புதான்.

கண்டியில் அந்தக் கணினி விளையாட்டுப் போட்டி. மண்டபத்தில் விளக்கெல்லாம் அணைத்து, சுவரளவு திரைக்கு முன்னால் நம் இருவரையும் உட்காரவைத்தார்கள். நாம் ஜெயித்தோம். ஜெயித்ததற்குக் கூலியாக ஒரு விளம்பரம் ஓடி, திரை முழுக்க வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி அடித்தது. நீ கதிரையோடு சரிந்தாய். "வெற்றிக் களிப்புல மயங்கிட்டாரு பாருங்க!" என்று மைக்கில் ஒருவன் சிரித்தான். அவனை இன்றைக்குக் கண்டாலும் அறைவேன்.

நான் உன் தலைக்குக் கீழே பையை வைத்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி ஒரே கூச்சல். "இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க!" ஒருத்தர் மோட்டார் சைக்கிள் சாவி, இன்னொருத்தர் வீட்டுச் சாவி, மண்டபக் காவலாளி முழுக்கொத்தையும் கொண்டுவந்து உன் கைக்குள் திணித்தார். இத்தனை பேரில் ஒருத்தனுக்காவது திரையை நிறுத்தத் தோன்றவில்லை. நான் கத்தினேன். விளம்பரம் முடியாமல் நிறுத்த முடியாதாம்.

நீ கண் விழித்துக் கையைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: "யாரு வீட்டுச் சாவிடா இது?" திரும்பிப் போகையில் பஸ்ஸில் சொன்னாய்: "இத்தன வீட்டுச் சாவி கைக்கு வந்துச்சு. ஒருத்தனாவது வீட்ட எழுதிக் குடுத்தானா பாரு."

பிறகு ஆஸ்பத்திரியில் தலை முழுக்க வயர் ஒட்டி, கண்ணெதிரே விளக்கை மின்ன வைத்துப் பார்த்தார்கள். வேகமாக மின்னும் வெளிச்சம்தான் உனக்கு எதிரி என்று தெரிந்தது. விளையாட்டையே விடச் சொன்னார் உன் அம்மா. நீ விடவில்லை. மாத்திரை போட்டாய், அறை விளக்கைப் போட்டு வைத்தாய், எந்த விளையாட்டைத் திறந்தாலும் முதலில் செட்டிங்குக்குள் போய் மின்னல் வெளிச்சத்தை அணைத்தாய். அணைக்க வழியில்லாத விளையாட்டைத் தொடமாட்டாய். புதிதாக ஒன்று வந்தால் என்னை முதலில் உட்கார வைப்பாய். "கண்ணிவெடி தேடுற நாய் மாதிரி நீ முன்னால போ. நான் பின்னால வாறேன்." எனக்கும் ஒரு பாடம் எடுத்தாய்: "ரெண்டு கண்ணையும் மூடினா பத்தாதுடா, இமைக்குள்ளாலயும் வெளிச்சம் வரும். ஒத்தக் கண்ண உள்ளங்கையால நல்லாப் பொத்திக்கிட்டுத் திரும்பிடணும்."

இவ்வளவு கவனமாக இருந்தவனை ஒரு அப்டேட் கொண்டுபோனது.

மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் உன் அம்மா கொழுந்து பறிக்கப் போயிருந்த நேரம். நீ மாதக்கணக்காகப் பயமில்லாமல் விளையாடிய அதே விளையாட்டு. பகல் சோற்றுக்கு லயத்து வீட்டுக்கு வந்த அம்மாதான் உன்னைப் பார்த்தார். வலிப்பு வந்து விழுந்ததில் சிமெந்து விளிம்பில் தலை அடிபட்டிருந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன் லப்டொப் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். நீ அணைத்து வைத்திருந்த மின்னல் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. புதிய பதிப்பு உன் தெரிவுகள் எல்லாவற்றையும் அழித்து, ஆரம்பத்தில் இருந்தபடி மாற்றிவிட்டிருந்தது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வலிப்பு அதனால்தான் வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. அந்தக் கம்பனிக்கும் அது தெரியும். எழுதிக் கேட்டதற்கு, என் கருத்துக்கு நன்றி என்று பதில் போட்டார்கள். கருத்தாம்!

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒரு சாவி எடுத்துக் குடுக்க ஆளில்லாமப் போச்சே தம்பி, நான் வீட்டுல இருந்திருந்தா குடுத்திருப்பேனே." சாவியில் ஒன்றுமே இல்லை அம்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை. அவர் மீதா கோபப்படுவது? அவர் தன்னையே குற்றம் சொல்லி அழுகிறார். குற்றம் செய்தவன் எங்கேயோ குளிர் அறையில் உட்கார்ந்து அடுத்த அப்டேட் எழுதிக்கொண்டிருக்கிறான்.

இப்போது அந்தக் குளிர் அறையில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், மச்சான். நாங்களும் விளையாட்டுதான் செய்கிறோம். இன்று காலை மேலாளர் சாவியைப் போட்டுவிட்டுச் சொன்னது இதுதான்: "பழைய செட்டிங் புதுப் பதிப்போட ஒத்துவருதில்லையாம். எல்லாத்தையும் அழிச்சு ஆரம்பத்துல இருந்த மாதிரி விட்டுடு தம்பி. நாளைக்கு அனுப்பணும். யாரு பார்க்கப் போறா?"

ஆரம்பத்தில் இருந்த மாதிரி என்றால், மின்னல் எரியும்.

நான் எழுந்து அந்தச் சாவிக்கொத்தை எடுத்து, அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டேன்.

"என்னடா இது?"

"நம்ம விளையாட்டப் பார்த்து யாராவது விழுந்தா கையில குடுக்கத் தேவைப்படும் சேர். வாங்குற எல்லாருக்கும் ஒண்ணு அனுப்பிடுவோம்."

ஒன்றிரண்டு பேருக்காக எல்லாருடைய விளையாட்டையும் மொட்டையடிக்கச் சொல்கிறாயா என்று மேலாளர் கேட்டார். எதையும் மொட்டையடிக்கத் தேவையில்லை என்றேன். அவரவர் பழைய தெரிவு அப்படியே இருக்கட்டும். புதுப் பதிப்பால் அதை வாசிக்க முடியாமல் போனால் மின்னலை அணைத்தே திறக்கட்டும், வேண்டியவன் போட்டுக்கொள்வான். அது ஒரு பின்னேரத்தில் முடிகிற வேலை. அதற்கும் நேரமில்லை என்றால், அனுப்புவதற்கு வேறு ஆளைப் பாருங்கள்.

எழுந்து போய்விட்டார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதவருகே நின்று, "சரி, அணைச்சே அனுப்பு" என்றார். மனம் மாறினாரா, என் வாய்க்குப் பயந்தாரா தெரியாது. தெரியவும் வேண்டாம். அணைந்திருந்தால் போதும்.

வேலையை முடித்து, எல்லாக் கட்டத்தையும் ஒருமுறை விளையாடிப் பார்த்தேன். கடைசி வெடிப்பு வரும் இடத்தில் என் இடது உள்ளங்கை தானாகவே எழுந்து கண்ணைப் பொத்திக்கொண்டது. என் கண்ணுக்கு ஒரு கோளாறும் இல்லை. நீ போனதிலிருந்து இந்தக் கை இப்படித்தான்.

"கண்ணுல தூசியா?" என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள்.

"இல்ல," என்றேன். "முன்னால போய்ப் பார்க்கிறேன்."