வில்லைக் கீழே வைக்கக் கீழ்மடைப் பதின்மருக்கு ஆணை

ஏரி நிறைக. மடை திறக்க. நடுமேட்டில் நம் கொடி நிற்க. செங்கழனி நாட்டை வழுவாது காத்துவரும் அரசி மழவராயி தேவியாரின் திருவுள்ளப்படி, அவர்தம் விளையாட்டுக் களத்துக்குத் தலைமை பூண்ட களநாயகம் அத்தியன், கீழ்மடை ஊர்ச்சபையார் தேர்ந்தனுப்பிய புதியோர் பதின்மருக்கும் விடுக்கும் ஓலை. நீவிர் வழியில் இடரின்றி வந்து சேர்ந்தீர் என்றும், தங்கும் கொட்டகை ஒழுகவில்லை என்றும் கேட்டு மகிழ்ந்தோம். எம் மகிழ்ச்சி அவ்வளவோடு நின்றது. நேற்றுக் காலை உம் குடங்களைத் திறந்து பார்த்தோம்.

நீவிர் களத்துக்குப் புதியவர் ஆதலின் அடியிலிருந்தே உரைக்கிறோம். பேரேரியின் மடை ஓராண்டுக்கு எவர் கையில் இருப்பது என்பதை நாமும் அண்டை நாட்டுக் கருங்கோட்டாரும் வாளால் தீர்ப்பதில்லை, விளையாட்டால் தீர்க்கிறோம். பக்கத்துக்குப் பன்னிருவர். அம்பு முனையில் இரும்பு கிடையாது, சாயத்தில் நனைத்த துணிப்பந்துதான். சாயம் பட்டவர் பட்ட இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். காலம் அளக்கும் துளையிட்ட நாழிகை வட்டில் நிறைந்து நீரில் மூழ்கும் நொடியில் நடுமேட்டில் எவருடைய ஆள் நிற்கிறாரோ அவருக்கே மடை. எத்தனை பேரை அடித்தீர் என்று ஒருவரும் கேட்கமாட்டார். இவ்வரியை இருமுறை படிக்க.

பன்னிருவரும் ஒரே தொழில் செய்து வெல்ல முடியாது. வில்லாளி தொலைவில் பாறைமேல் நின்று எய்வார். அவரால் மேட்டைப் பிடிக்க ஆகாது. கேடயக்காரர் மேட்டில் ஏறி அதைவிட்டு அசையாது நிற்பார். ஓட்டர் எதிரியின் முதுகுப் பக்கம் புகுந்து அவரைக் குழப்ப, தச்சர் மூங்கில் தட்டி கட்டி நம்மவருக்கு மறைவு தருவார். நீர்க்கையர் என்போர் தோல்பையில் நீர் சுமந்துபோய், சாயம் பட்டு உட்கார்ந்தவரைக் கழுவி எழுப்புவோர். கழுவப்பட்டவர் மீண்டும் ஆடலாம். ஐந்து தொழிலுக்கும் ஐந்து குடங்கள். விரும்பிய குடத்தில் தம் பெயரெழுதிய ஓலை நறுக்கை இடுவது இக்களத்து வழக்கம்.

நீவிர் இட்டது என்ன? விற்குடத்தில் ஒன்பது நறுக்கு, ஓட்டர் குடத்தில் ஒன்று. நீர்க்கையர் குடத்தில் ஒரு பல்லி இருந்தது. மூடியைத் திறந்ததும் அதுவும் ஓடிவிட்டது. உம்மில் மூத்தவராகிய செக்காட்டும் துடியனாரை அழைத்துக் காரணம் வினவினோம். “தூரத்துல நின்னு அடிச்சா நம்ம மேல சாயம் படாதுங்களே” என்று ஒளிக்காமல் உரைத்தார். உண்மை பேசியதற்காக அவரைப் பாராட்டுகிறோம். அட, ஒன்பது பேரும் பாறை மேல் ஏறிக்கொண்டால் மேட்டில் யார் நிற்பது? கருங்கோட்டார் நிதானமாய் வந்து பாய் விரித்துப் படுத்துக்கொள்வாரே!

இனி வருவதை எழுத்தரிடம் சொல்லி எழுதுவிக்க மனம் வரவில்லை. என் கையால் எழுதுகிறேன். சென்ற ஆண்டு நானும் வில்தான் எடுத்தேன். கிழக்குப் பாறையிலிருந்து முப்பத்தொரு பேரை அடித்தேன். பன்னிருவரில் முப்பத்தொருவர் எப்படி என்று கேட்பீர். கருங்கோட்டாரின் நீர்க்கையர் இருவர் விழுந்தவரைக் கழுவிக் கழுவி எழுப்பினர். நான் எழுந்தவரையே திரும்ப அடித்து எண்ணிக்கை கூட்டிக்கொண்டிருந்தேன். நம் பக்கம் நீர்க்கையர் எவருமில்லை, நம் நீர்ப்பை என் காலடியிலேயே கிடந்தது. வில்லை வைத்துவிட்டு எவரும் அதை எடுக்கலாம் என்பது விதி. கேடயக்காரி கோதைச்சி தனியொருத்தியாய் மேட்டைப் பிடித்து நின்று, கடைசியில் தோளில் சாயம் பட்டு உட்கார்ந்தாள். “அண்ணே, ஒரு கை தண்ணி போதும், எந்திரிச்சிருவேன்” என்று மூன்று முறை கூப்பிட்டாள். காதில் விழுந்தது. முப்பத்திரண்டாமவனைக் குறிபார்த்துக்கொண்டிருந்தேன். வட்டில் மூழ்கிவிட்டது.

அதனால் இவ்வாண்டு கீழ்மடையில் நாற்று நடவில்லை என்பதும், உம் மாடுகள் புல் தேடி மேற்கே போய்ப் பாதி திரும்பவில்லை என்பதும் அறிவேன். என் முகத்துக்கு நேரே நீவிர் ஒருவரும் அதைச் சொல்லாமல் இருப்பதையும் அறிவேன். எனக்கு வெட்கமாயிருக்கிறது. இம்முறையும் மடை போனால் ஊரையே காலிசெய்ய வேண்டிவரும் என்று உம் சபையார் தேவியாருக்கு எழுதியுள்ளனர். போகவிடமாட்டேன்.

ஆகையால் உம் பத்து நறுக்குகளும் இவ்வோலையோடு திரும்பி வருகின்றன. வில் மூவருக்கு மேல் கிடையாது. அந்த மூவரும் மேட்டில் நிற்பவருக்காக எய்ய வேண்டுமேயன்றித் தம் பெருமைக்காக எய்தல் கூடாது. சாயம் பட அஞ்சுவோர் இன்றே ஊர் திரும்பலாம், வண்டி கொடுக்கிறோம். ஆட்டத்துக்கு இன்னும் பதின்மூன்று நாள் உண்டு. மேடேறக் கற்க அது போதும், மனம் இருந்தால்.

பழைய ஆட்களில் கோதைச்சியும் நானுமே எஞ்சினோம். மற்றவர் தவணை முடிந்து விலகினர். அவள் இன்று காலை மறுபடியும் கேடயக் குடத்திலேயே நறுக்கு இட்டாள். என்னை ஒரு சொல் ஏசவில்லை. “இந்த வருசம் என் பின்னாடி யாரு வர்றா?” என்று மட்டும் கேட்டாள். என் வில்லை ஆயுதசாலையில் ஒப்படைத்து, நீர்க்கையர் குடத்தில் என் பெயரை இட்டு, நான் வருகிறேன் என்றேன். குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஒருத்தர் பத்தாதுண்ணே” என்றாள்.

எனவே தேவியாரின் நாரை முத்திரை பதித்து இடும் ஆணை: அக்குடத்தில் இன்னொரு பெயர் விழும்வரை பயிற்சி முரசு கொட்டப்படாது. குடத்தருகே உட்கார்ந்திருக்கிறேன். வந்து இடுக.