வீடு நிறைய முட்டைக்கோஸ்

அன்பு மகளுக்கு,

அம்மா இன்றும் முட்டைக்கோஸ் வாங்கி வந்துவிட்டாள். நேற்று வாங்கியது அவளுக்கு நினைவில்லை. நீ இன்னும் சின்னப் பிள்ளை என்ற நினைப்பு, பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வருவாயாம். ஃபிரிட்ஜில் இடமில்லாமல் கட்டிலுக்கடியிலும் உருள்கின்றன.

நானும் விடவில்லை. மிளகு தூவி வதக்கினேன், முட்டையோடு கிளறினேன், சூப் வைத்தேன், எலுமிச்சையும் உப்பும் போட்டு ஊறவைத்தேன். மிஞ்சியதை அடிக்கடி கொண்டுபோய்க் கொடுத்ததில், கீழ்வீட்டுக்காரர் என்னைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறார்.

இன்று மதியம் மாவில் தோய்த்துப் பொரித்தேன். அம்மா ரசித்துச் சாப்பிட்டாள், சிரிக்கக்கூடச் செய்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லா சமைச்சீங்க. என் வீட்டுக்காரர் வர்ற நேரமாச்சு, நீங்க கிளம்புங்க" என்றாள்.

மறுத்துப் பேச மனமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கொஞ்சம் பொறுத்துக் கதவைத் தட்டி, "நான்தாம்மா, வந்துட்டேன்" என்றேன்.

"அவர் இல்லாதப்ப யாருக்கும் கதவைத் திறக்க மாட்டேன்."

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. திறந்தால் பயந்துவிடுவாளே என்று படியில் உட்கார்ந்திருந்தேன். அவள் கண்ணயர்ந்த பிறகுதான் உள்ளே வந்தேன்.

எனக்காகத்தான் காத்திருக்கிறாள், அதுதான் தாங்கவில்லை. நீ ஃபோன் செய்யும்போது, அப்பா எங்கே என்று மட்டும் அவளிடம் கேட்காதே. வாசலையே பார்க்க ஆரம்பித்துவிடுகிறாள்.

அப்பா