பிரேக் சரி

நவ. 10, திங்கள்
விடியலிலிருந்து மழை. இரும்புலியூரில் முழங்கால் தண்ணீர். எனக்கு லீவு, பாப்பா பள்ளியில் மீட்டிங். நான் ஓட்டும் டாக்ஸியை இன்றைக்கு மட்டும் மாற்று டிரைவர் சேகர் எடுத்தான்.

பத்து மணிக்கு அவனிடமிருந்து போன். படப்பை மார்க்கெட் எதிரே மீன் விற்கும் அம்மாவை இடித்துவிட்டான். கால் முறிவு. உயிருக்குப் பயமில்லையாம். அவனைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள். "பிரேக்கு புடிக்கலண்ணா." வேறு பேச்சே இல்லை அவனிடம்.

ஓனர் நம்பவில்லை. போன மாதம்தானே ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்டி எஃப்.சி. சான்றிதழ் எடுத்தோம் என்கிறார். மெக்கானிக்கோ, பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொன்னேன், ஓனர்தான் தள்ளிப்போட்டார் என்கிறார். ஆளுக்கு ஆள் கை காட்டல். மாட்டியது சேகர். லைசென்ஸ் போனால் குடும்பமே தெருவில்.

நவ. 11, செவ்வாய்
தூறல். வாங்க வேண்டியது: பாப்பாவுக்கு ரெயின்கோட், தோசை மாவு.

ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்கு வந்தார். வழக்கமாக ஓட்டுகிறவன் என்று என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஸ்டேஷன் பின்னால் மைதானம். மூன்று முறை பிடிக்கச் சொன்னார். மூன்று முறையும் கச்சிதமாக நின்றது. 'பிரேக் சரி' என்று எழுதிக்கொண்டார். சேகர் என்னையே பார்த்தான்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு மிதி மிதித்திருக்கிறேன். முதல் மிதி சும்மா உள்ளே போகும், அடுத்ததில்தான் பிடிக்கும். நாலு மாதமாகக் கால் பழகிவிட்டது. ஓனரிடம் ஒரு தடவை சொன்னதோடு சரி. எஃப்.சி.க்கு ஓட்டிக் காட்டியதும் நானே. சேகரிடம் சாவி கொடுக்கும்போது டீசல், வைப்பர் எல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. பழுது என்ற நினைப்பே எனக்குப் போய்விட்டது.

பயமாக இருக்கிறது.

நவ. 12, புதன்
காலையில் சேகர் மனைவி போன். "நீங்கதான் கூட நிக்கிறீங்கண்ணா. வேற யாரு கீறாங்க எங்களுக்கு?"

ஓனரிடம் சொன்னேன். வாயைத் திறந்தால் நீயும் உள்ளே போவாய் என்றார். நிஜம்தான். இருந்தாலும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வேறொரு வண்டி பார்க்க அங்கே வந்திருந்தார். எல்லாம் சொன்னேன்.

"நேத்து ஏன்யா சொல்லல?"

"நேத்து எனக்கே தெரியல சார்."

நம்பவில்லை. சாவியை வாங்கி அவரே ஓட்டினார். மைதானம் முழுக்கச் சேறு. ஒரே மிதி. வண்டி நிற்கவில்லை. மதிலுக்கு இரண்டடி முன்னால் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினார். இறங்கினார். நேற்றைய தாளை அடித்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தார்.

"உன் பேரு சொல்லு. அப்பா பேரும்."

சொன்னேன்.