அசல் சான்றிதழ்கள் யார் கையில்

கரோல் பாக், டெல்லி,
ஜூன் 4

அன்பு மகள் மஞ்சுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லாம் நலம். அங்கே கோயம்புத்தூரில் உன் தூக்கத்தைத் தவிர எல்லாம் நலம் என்று நம்புகிறேன். வெயில் நாற்பத்து நாலைத் தொட்டுவிட்டது, கூலரில் தண்ணீர் ஊற்றி மாளவில்லை. இந்த வெயிலிலும் அப்பா காலை இழுத்துக்கொண்டு வேலு மெஸ்ஸுக்குக் காப்பி குடிக்கப் போகிறார், நான் போடும் காப்பியில் அரட்டை இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நான்கு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு பேர் இருந்த உன் மென்பொருள் கம்பெனியிலிருந்து இரண்டு மாதத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள், ஒரு பையன் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதிவிட்டு மறுநாள் வரவே இல்லை, வருகிறேன் என்று கையெழுத்துப் போட்ட பெண் சேரவேண்டிய நாளில் போனையே எடுக்கவில்லை. பதினைந்தாம் தேதி புதிதாக ஆறு பேர் சேர்கிறார்கள், இவர்களும் நிலைக்காவிட்டால் நூல் மில்லுக்கு ஒப்புக்கொண்ட வேலையை முடித்துக் கொடுக்க முடியாது, கம்பெனியே ஆட்டம் கண்டுவிடும் என்றாய். அதனால் ஆறு பேரின் அசல் சான்றிதழ்களையும் வாங்கி இரண்டு வருடம் பூட்டி வைக்கலாம் என்று உன் பங்குதாரர் ஜெகன் சொல்கிறார், நீங்களும் ஸ்கூல்ல அப்படித்தானேம்மா வெச்சிருந்தீங்க என்று கேட்டாய். வைத்திருந்தேன். அதனால்தான் உடனே போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் பொறுப்பு பார்த்த அந்தச் சின்னத் தனியார் பள்ளியில் ஆண்டு நடுவில் ஆசிரியர்கள் அரசு வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். நிர்வாகம் சொன்னது, நானும் சரியென்று பதினொரு பேரின் சான்றிதழ்களைப் பழுப்பு உறைகளில் போட்டு பீரோவில் வைத்தேன். அந்தச் சாவி என் இடுப்பில் தொங்கியதுதான் உனக்கு நினைவிருக்கிறது. அருள்மணி சார் என்று ஒருவர் இயற்பியல் எடுத்தார், சைக்கிள் பம்பைக் கொண்டுவந்து வைத்து அழுத்தம் என்றால் என்ன என்று காட்டுவார், மணி அடித்தும் பிள்ளைகள் வெளியே வரமாட்டார்கள். ஒரு மே மாதம் அவருக்கு அரசுப் பள்ளி நேர்காணல் வந்தது. அசலைக் கேட்டால் போகப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும், வேலை கிடைக்காவிட்டால் இங்கேயும் முகம் கொடுக்க முடியாது என்று பயந்திருக்கிறார். ஜெராக்ஸோடு போனார், அசல் இல்லாமல் வந்தால் எப்படி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் நான்கு வருடம் எங்களோடு இருந்தார். நல்ல ஆசிரியரை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்று நான் பெருமைகூடப் பட்டேன். சைக்கிள் பம்ப் வகுப்புக்கு வருவது நின்றுபோனதை மட்டும் கவனிக்கவில்லை. நோட்ஸ் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள், மணி அடித்ததும் முதலில் வெளியே வருபவர் அவராக இருப்பார்.

கடைசியில் வேறு வேலை கிடைத்து உறையை வாங்க வந்தபோதுதான் நேர்காணல் கதையைச் சொன்னார். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே சார் என்றேன். சிரித்தார். குடுத்திருப்பீங்க மேடம், ஆனா கேக்குற மாதிரியா வெச்சிருந்தீங்க என்றார். மறுநாளே பீரோவைத் திறந்து மீதிப் பத்து உறைகளையும் திருப்பிக் கொடுத்தேன். எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்று செயலாளர் கத்தினார். அந்த வருடம் போனது இரண்டே பேர், இரண்டு பேரும் ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிட்டு, தங்கள் இடத்துக்கு ஆளையும் காட்டிவிட்டுப் போனார்கள்.

இப்போது காலம் வேறு என்பாய். வேலு கதையைக் கேள். அவரிடம் தோசை போடுகிறவனை நொய்டாவில் ஒரு ஓட்டலில் கூப்பிட்டார்கள். அவன் தயங்கித் தயங்கிச் சொன்னபோது வேலு, அச்சா, போய்ப் பாருடா, புடிக்கலன்னா நம்ம தோசைக்கல் இங்கேயேதான் கெடக்கும் என்றாராம். ஐந்தாவது மாதம் அவன் திரும்பி வந்தான், கூடவே மச்சானையும் கூட்டிக்கொண்டு. அடுத்த தெரு ஓட்டலில் ஆள் தேவை என்று போர்டு ஒரு வருடமாகத் தொங்குகிறது.

அதனால் மஞ்சு, பதினைந்தாம் தேதி அந்த ஆறு பேரின் சான்றிதழ்களையும் சரிபார், அதே மேசையில், அவர்கள் கண் முன்னால், உன் கையாலேயே திருப்பிக் கொடு. வேறு இடத்திலிருந்து கூப்பிட்டால் என்னிடம் வந்து சொல்லுங்கள், யார் மேலும் கோபம் வராது என்று அன்றைக்கே சொல்லிவிடு, சொன்னபடி நடந்துகொள். மில் வேலை கடினம் என்பதையும் மறைக்காதே. அதற்குள் ஆறு பேருக்கும் நீயே ஒரு போன் போடு, சேரும் நாள்வரை யாரும் விசாரிக்காவிட்டால் மனம் வேறு பக்கம் போகத்தான் செய்யும். கைக்குழந்தையோடு அல்லாடுகிறாள் என்றாயே, உன்னிடம் ஏற்கெனவே வேலை பார்க்கும் கவிதா, அவள் வாயைத் திறந்து கேட்கும்வரை காத்திருக்காமல் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல். ஒருவர் இருவர் போகத்தான் போவார்கள், போகட்டும். இருக்கிறவர்கள் மனத்தோடு இருப்பார்கள், மில் வேலையும் முடியும், எனக்குச் சந்தேகமே இல்லை. உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும், ஜெகன் தம்பியை உரக்கப் படிக்கச் சொல், அவர் காதிலும் விழட்டும்.

இன்னொன்று. இதை எழுத உட்காருமுன் என் பீரோவைத் திறந்தேன். உன் பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை எல்லா அசலும் அதில்தான் இருக்கின்றன. நீ கோயம்புத்தூர் போகிறேன் என்றபோது, பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் வைத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாகிறது, நீயும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள், மொத்தம் ஏழு. நீ எடுத்த காரியம் நிற்கும், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. கிடைத்ததும் போன் செய், தீபாவளிக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு.

உன் வழியைப் பார்த்திருக்கும் அம்மா,
இந்திராணி