எண்பது கிலோ என்று எழுதியவனுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். நீ அனுப்பிய சைக்கிள் சௌக்கியமாக இல்லை. ஒன்பது நாள் உழைத்தது, அவ்வளவுதான்.

போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ சிரிப்பாய், பிறகு வேறு கால் வருகிறது என்பாய். அதனால் எழுதுகிறேன், கடைசிவரை படி. முன்னால் ஸ்பிரிங், பின்னால் ஸ்பிரிங், நடுவில் சிவப்புப் பெயின்ட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, நீ வாங்குகிற எல்லாமே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மிதித்தால் என் பலத்தில் பாதியைப் பின் ஸ்பிரிங் தின்றது, நான் முன்னே போகாமல் மேலும் கீழுமாகப் போனேன். ஒன்பதாம் நாள், வாய்க்கால் கரையில், இரண்டாவது நீர் அளவுகோலைத் தாண்டியதும் பின் சக்கரத்தில் மூன்று கம்பிகள் அடுத்தடுத்து அறுந்தன. விழவில்லை. நான்கு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிரே வந்த ஒருவர்கூட என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்தார்கள், சக்கரத்தைப் பார்த்தார்கள், அவர்களுக்கே விளங்கிவிட்டது.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். நண்பனிடம் நீ "அம்மா ஏதோ ஆபீஸ்ல இருக்காங்க" என்று சொன்னது காதில் விழுந்த பிறகு சந்தேகம். பதினோரு கிலோமீட்டர் கரை. ஏழு அளவுகோல். ஒவ்வொன்றிலும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்து எழுதுவது. போன வருடம் ஜீப்பை எடுத்துவிட்டார்கள். வாய்க்காலின் கடைசிப் பகுதி ஆட்கள் தண்ணீரே வரவில்லை என்று புகார் கொடுத்ததும், உன்னைவிட இரண்டு வயது சின்னவரான புது இன்ஜினியர், மாதக் கடைசிக்குள் ஒரே ஆள் ஏழையும் நேரில் பார்த்தாக வேண்டும் என்றார். என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல. "முடியலைன்னா பரவாயில்லக்கா, ரெக்கார்டு ரூம்ல உக்காந்துக்குங்க, அங்க ஃபேன் இருக்கு" என்றார். ஜன்னல் இல்லாத அறை அது. இருபத்தெட்டு வருடம் வெயிலில் திரிந்தவளுக்கு ஒரு ஃபேன். அன்றைக்குத்தான் உன்னிடம் சைக்கிள் கேட்டேன், கல்யாணத்துக்கு முன் இதே கரையில் ஓட்டியவள்தான் நான்.

உன் சைக்கிள் படுத்ததும் பெரிய கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசனை. அங்கே நின்ற பையன் "ஆன்ட்டிக்கு கம்ஃபர்ட்தான் முக்கியம்" என்று கூடை வைத்த சைக்கிளையும், தலையணை போன்ற சீட்டையும், பிறகு பேட்டரி வைத்ததையும் காட்டினான். எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டேன். "அதெல்லாம் தாங்கும் ஆன்ட்டி" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு. என் எடையைக் கேட்க அவனுக்குக் கூச்சம். கூச்சப்படுகிறவனிடம் சைக்கிள் வாங்கக் கூடாது.

உடைந்ததைச் சந்துக்குள் இருக்கும் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அந்த மனிதர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "வெயிட்டு எவ்ளோ?" என்றார், நான்கு பேர் நிற்கும்போது. எண்பது என்று என் வாய் சொல்லிவிட்டது. அவர் அறுந்த கம்பிகளை விரலால் தட்டிப் பார்த்து, "சக்கரம் அப்படிச் சொல்லலையே" என்றார். நூற்றெட்டு என்றேன். "பையோடயா?" பையோடு நூற்றுப் பதினான்கு. அதைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். பின்னால் ஸ்பிரிங்கே வேண்டாம், அசைகிற இடமெல்லாம் நாளைக்கு உடைகிற இடம். முன்னால் மட்டும் போதும், அதுவும் காற்று அடிக்கிற மாதிரி, நம் எடைக்குத் தக்கபடி ஏற்றிக்கொள்ளலாம். பின் சக்கரத்தில் முப்பத்தாறு கம்பி, அவர் கையாலேயே கட்டியது. அகல டயர். முன் பிரேக்குக்குப் பெரிய தட்டு, "ஓடறது யார் வேணா ஓடும், நிக்கறதுதான் உங்களுக்குக் கஷ்டம்" என்றார். நூற்று முப்பத்தைந்து கிலோ என்று கம்பெனியே எழுதிக் கொடுத்த ஃபிரேம். சீட் கெட்டியாக. அப்படியே புதிதாக ஒன்றைக் கட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தேன், மொத்தம் பதினாறு கிலோ. அப்பா ஒரு பக்கம் தூக்கிப் பார்த்து, "இது சைக்கிளா கட்டிலா?" என்றார். அவர் கடைசியாகத் தூக்கியது டிவி ரிமோட்.

வீட்டுக்கு வந்து உன் சைக்கிள் வந்த அட்டைப்பெட்டியைக் குடைந்தேன். ஆர்டர் சீட்டில் ஓட்டுபவர் எடை எண்பது. அப்பாவிடம் கேட்டாயாம். அவர் அந்த எண்ணைச் சொன்னாராம். அவருக்கு அதைச் சொன்னவள் நான், நீ எட்டாவது படிக்கும்போது. என்னிடம் நேராகக் கேட்க உனக்கு மரியாதை தடுத்தது. நீ செய்த மரியாதை இருபத்தெட்டு கிலோ, அதைத்தான் அந்தச் சக்கரம் தாங்கவில்லை.

நேற்று ஏழாவதுவரை போனேன். நாலாவதில் நெஞ்சு வாய்க்கு வந்தது, இறங்கி நின்றேன், ஏறினேன். ஆறாவதுக்கு மேல் கரை என்று ஒன்று இல்லை, கல்லும் முள்ளும்தான். சைக்கிள் முனகக்கூட இல்லை. ஏழாவது இடத்தில் அளவுகோல் இல்லை. சிமென்ட் அடி மட்டும். பக்கத்தில் மாடு கட்டியிருந்த பெண் என் ஆபீஸ் பையைப் பார்த்துவிட்டு, "அது விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு மேடம். நீங்க பாட்டுக்கு எழுதிட்டுத்தானே இருக்கீங்க" என்றாள்.

எழுதிக்கொண்டுதான் இருந்தோம். ஜீப் இருந்தபோதே சேற்றுக்குப் பயந்து நாலாவதைத் தாண்டாது. நாலாவதின் எண்ணிலிருந்து இரண்டிரண்டாகக் கழித்து ஐந்தாவது, ஆறாவது, ஏழாவதுக்கு எழுதிவிடுவோம். எல்லோரும் செய்தது. என் கையெழுத்து. அந்த எண்களை வைத்துத்தான் அவளும் கடைசிப் பகுதி ஆட்களும் கொடுத்த புகாரை முன்பு இரண்டு தடவை தள்ளினார்கள். உன்னையும் கடைப்பையனையும் இன்ஜினியரையும் இவ்வளவு நேரம் ஏசினேன். அந்தச் சிமென்ட் முன்னால் ஏச எனக்கு ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தாள், நான்.

பதிவேட்டில் அளவுகோல் இல்லை என்று எழுதினேன். இன்ஜினியர் கதவைச் சாத்திவிட்டு, "ஒரு நம்பர் போட்டுட்டு விட்டிருக்கலாமேக்கா, இப்ப பழசையெல்லாம் தோண்டுவாங்க, அதுல இருக்கறது உங்க கையெழுத்து" என்றார். ஆமாம், என்னுடையதுதான் என்றேன். விளக்கம் கேட்டார். இரண்டே வரி எழுதிக் கொடுத்துவிட்டேன். ரெக்கார்டு ரூமா, வீடா என்று திங்கட்கிழமை தெரியும். அதுவரை கரை என்னுடையது. அந்தப் பெண் தானே ஒரு கழியை நட்டு, தினமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு கீறி வைத்திருக்கிறாளாம். நாளைக் காலை போய் அதைப் பார்த்து எழுதப் போகிறேன்.

நீ நன்றாக இரு, நூறு வருஷம் இரு. போன வாரப் படத்தில் உனக்கும் தொப்பை தெரிகிறது. லூசான சட்டை போட்டு மறைக்காதே, எடை பார்.

ஆசிகளுடன்,
அம்மா