பதினான்கு பெயர்கள்

1979 ஜனவரி 17, புதன்

மூன்று நாளாக மழை. துவைத்த சேலை காயவில்லை, ஈரத்தோடு உடுத்திக்கொண்டு போனேன். ஐந்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். வாங்கு போதவில்லை, ஆறு பேர் தரையில்.

அதிபர் ராஜரத்தினம் சேர் கூப்பிட்டார். "டீச்சர், உங்கட வகுப்பில இருக்கிற தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையளின்ர பேரைத் தனியா எழுதித் தாங்கோ."

"எதுக்கு சேர்?"

"எல்லா வகுப்பிலயும் எடுக்கிறம். ஒரு விபரத்துக்குத்தான்."

ஜனவரி 19, வெள்ளி

விபரம் எதற்கென்று தெரிந்துவிட்டது. கடைத்தெருப் பெற்றோர் மனுக் கொடுத்திருக்கிறார்கள். இடமில்லையாம். தலையில் பேனாம். தோட்டப் பள்ளிக்கூடத்தைத்தான் அரசாங்கமே பொறுப்பெடுத்துவிட்டதே, அவர்கள் அங்கேயே படிக்கட்டுமாம். எழுதியவர்கள் யாரோ அந்நியர் இல்லை. எல்லாம் இந்த வத்தேகம டவுன் தமிழர்கள்தான். ஏழாவது கையெழுத்து தனபாலன், புடவைக்கடை. என் கணவர்.

கேட்டேன். "நான் மட்டுமா போட்டேன்? கடைத்தெரு முழுக்கப் போட்டிருக்கு. நீ டீச்சர்தானே, இடம் இல்லன்னு உனக்கே தெரியாதா?"

தெரியும். இடம் இல்லைதான்.

ஜனவரி 22, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு பெயர்.

சிரமமே இல்லை. பெயர்ப் பதிவு இடாப்பில் விலாசம் என்ற பகுதியைப் பார்த்தால் போதும். தோட்டத்து வரிசை வீடான லயம் என்று இருந்தால் எழுது, இல்லாவிட்டால் விடு. பதினோராவது பெயரில் பேனாவில் மை தீர்ந்தது. நிரப்பிக்கொண்டு எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது என் விலாசம் கலஹா பஜாரில் மாமாவின் கடை. பிறந்து வளர்ந்தது லயத்தில். அந்த விலாசத்தால்தான் டவுன் பள்ளிக்கூடம், ட்ரெயினிங், இந்த வேலை எல்லாம். என் கணவருக்குத் தெரியும். இவர் வீட்டாருக்குத் தெரியாது.

ஜனவரி 24, புதன்

பிள்ளைகளிடம் நானே சொல்ல வேண்டி வந்தது. பள்ளிக்கூடம் மாறுவதற்கான விடுகைப் பத்திரத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். யாரும் அழவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எப்படி அழாமல் இருக்கத் தெரிகிறது?

புஷ்பம் மட்டும் எழுந்து நின்றாள். வகுப்பிலேயே கணக்கில் முதல் அவள்தான். "டீச்சர், பின்னக் கணக்கு பாதியிலதானே நிக்குது?"

"அங்கே சொல்லித் தருவார்கள்" என்றேன். பொய் இல்லை. உண்மை என்றும் எனக்குத் தெரியாது.

ஜனவரி 28, ஞாயிறு

புஷ்பத்தின் அப்பா வீரய்யா வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், ஒங்க வீட்டு வெலாசத்தப் போட்டுக்கிட்டா புள்ள இங்கயே படிக்குமுங்க. சொந்தக்காரப் புள்ளன்னு ஒரு எழுத்து எழுதிக் குடுத்தாப் போதும்."

உள்ளே இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தாள் புரளும் சத்தம் நின்றது.

"அது முடியாதுங்க" என்றேன்.

"சரிங்க." அவ்வளவுதான் சொன்னார். கொண்டுவந்த போஞ்சிப் பையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கியிருக்கக் கூடாது.

ஜனவரி 29

போஞ்சி சமைத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம்.

பெப்ரவரி 12, திங்கள்

வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். எல்லோரும் வாங்கில். சத்தம் குறைவு. நேரத்துக்குப் பாடம் முடிகிறது. அதிபர் வந்து பார்த்து, "இப்பதான் வகுப்பு வகுப்பு மாதிரி இருக்கு" என்றார். ஓம் சேர் என்றேன்.

ஒன்றும் தோன்றவில்லை. தூக்கம் நன்றாக வருகிறது. அதுதான் என்னவோ போல் இருக்கிறது.

மார்ச் 6, செவ்வாய்

கல்விக் கந்தோரிலிருந்து கடிதம். பள்ளிக்கூடம் முழுவதிலும் அறுபது பிள்ளைகள் குறைந்துவிட்டதால் ஓர் ஆசிரியர் மேலதிகம். கடைசியாகச் சேர்ந்தவள் நான். அந்தப் பிள்ளைகள் போன தோட்டப் பள்ளிக்கூடத்துக்கே மாற்றம். பன்னிரண்டாம் திகதி கடமை ஏற்க வேண்டும்.

அதிபர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். "சத்தியமா நான் இதை யோசிக்கேல்லை, டீச்சர்."

நானும் யோசிக்கவில்லை.

மார்ச் 9

இவர் கண்டிக்குப் போய் யார் யாரையோ பார்த்தார். நடக்கவில்லை. "தோட்டத்துக்கா நீ போகணும்?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மனுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மார்ச் 12, திங்கள்

சந்தி வரை பஸ். அதற்கு மேல் இரண்டு மைல் ஏற்றம். தகரக்கூரை போட்ட ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, கணபதி மாஸ்டர் ஒருவர். என்னைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நெசமாவே ஆள் அனுப்பிட்டாங்களா!"

பதினான்கில் ஒன்பது பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார்கள், ஒன்றுமே நடக்காததுபோல். புஷ்பத்தைக் கேட்டேன்.

"அது வீட்டுல புள்ள பாக்குது டீச்சர்."

மார்ச் 16, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டதும் லயத்துக்குப் போனேன். வீரய்யா விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு கோடரியைக் கீழே வைத்தார்.

"ஒங்களயும் அனுப்பிட்டாங்களா டீச்சர்?"

"ஆமாங்க. புஷ்பத்தை அனுப்புங்க. நான்தான் படிப்பிக்கிறேன்."

"அவ அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போகுது. கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற புள்ளக்காம்பராவுல ஆயா இல்லாம ரெண்டு மாசமாச்சு. கைப்புள்ளய யாரு பாக்குறது? அங்கயே படிச்சிருந்தா எப்படியாவது சமாளிச்சு அனுப்பியிருப்போம். இந்தப் பள்ளிக்கொடத்துக்கு என்னத்த அனுப்புறது?"

சும்மா திரும்பியிருக்கலாம். வாய் தானாகத் திறந்துகொண்டது. "நானும் லயத்துல பொறந்தவதாங்க. கலஹாவுல." கல்யாணமாகி வந்த இந்த ஒன்பது வருடத்தில் வெளியாளிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. என்ன எதிர்பார்த்தேன்? மனம் இளகும் என்றா?

அவர் என்னை நேராகப் பார்த்தார். "அப்ப தெரிஞ்சேதான் பேரு எழுதினீங்க."

ஆமாம் என்றேன். புஷ்பம் கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை.

இறக்கத்தில் வரும்போது ஒரு கல்லில் உட்கார்ந்தேன். இரண்டு பஸ் போய்விட்டது.

மார்ச் 19, திங்கள்

இரண்டாம் பாடம் நடக்கும்போது வாசலில் நிழல். புஷ்பம். இடுப்பில் தங்கச்சி, எட்டு மாதம் இருக்கும். அப்பா அனுப்பினாரா, தானாக வந்தாளா, நான் கேட்கவில்லை.

"உள்ளே வா" என்றேன்.

"பாப்பா அழும் டீச்சர்."

"அழட்டும்."

வந்து உட்கார்ந்தாள்.